பத்து நொடி ஐந்தானபோது: ஓர் ஆட்டோகிராஸ் போட்டியில் நான்காம் ஸ்டேஷன்

பின்னணி

பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ கைவிட்ட விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு கோன்களை நட்டு, வளைந்து நெளிந்த தடம் ஒன்றை அமைத்து, கார்களை ஒவ்வொன்றாக அனுப்பி நேரம் பார்ப்பதுதான் ஆட்டோகிராஸ். அமெரிக்காவில் வார இறுதிகளில் இது ஊருக்கு ஊர் நடக்கும். 1944இல் தொடங்கிய எஸ்.சி.சி.ஏ. என்ற கார் சங்கம் இதை ‘சோலோ’ என்ற பெயரில் நடத்துகிறது. அதன் தேசியப் போட்டிக்காக 2009 முதல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்துப் பழைய விமானத்தளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள். சிறு கிளப்புகளும் பெரும்பாலும் அதே விதிகளைத் தழுவித்தான் போட்டி வைக்கின்றன.

இந்த விளையாட்டில் தடத்தைக் கவனிக்கும் மார்ஷல் என்று தனியாக யாரும் கிடையாது. காலையில் ஓட்டுகிறவரே மதியம் வெயிலில் நின்று மற்றவர் இடித்த கோனை எடுத்து வைக்க வேண்டும். வேலைக்கு வராமல் நழுவினால் அவர் ஓட்டிய நேரமே ரத்தாகும். நுழைவுக் கட்டணம் குறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணம். இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களில் மார்ஷலாக நின்றவர்களுக்கு இது முதலில் வினோதமாகத் தெரியும். அங்கே பயிற்சி பெற்ற தனிக் குழு இருக்கும். இங்கே இருப்பவர் அரை மணிக்கு முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்தவர். மனசு இன்னும் தன் மூன்றாவது ஓட்டத்தில் போன அரை நொடியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

இங்கே பதிவாகும் நிகழ்வு நடு மேற்கு மாநிலம் ஒன்றில், ஓர் உள்ளூர் கிளப்பின் கோடைகாலப் போட்டியில் நடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஒரு மனிதருக்கும் ஒரு காருக்கும் நடுவே பத்து மீட்டர் தூரம் மிச்சமிருந்தது. தடப் பணியாளர்கள் நிற்கும் இடத்தை ஸ்டேஷன் என்பார்கள். நான் பக்கத்து ஸ்டேஷனில் ரேடியோவோடு நின்றதால் பார்த்தேன். பிறகு கிளப்பின் பாதுகாப்புக் குழு கேட்டுக்கொண்டதால், சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் பேசி இதை எழுதினேன். பெயர்களையும் கிளப்பின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

தடப் பணியாளர் என்ன செய்வார்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தடத்தை ஐந்தாறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டேஷன் வைப்பார்கள். ஒரு ஸ்டேஷனில் மூன்று நான்கு பேர். கையிருப்பு ஒரு ரேடியோ, ஒரு சிவப்புக் கொடி, ஒரு தீயணைப்பான். ஒவ்வொரு கோனின் அடியைச் சுற்றியும் சாக்பீஸாலோ மாவாலோ கட்டம் வரைந்திருக்கும். கோன் சாய்ந்துவிட்டால் 2 நொடி தண்டனை. நின்றபடியே நகர்ந்து கட்டத்துக்கு முழுதும் வெளியே போனாலும் 2 நொடிதான். நின்றுகொண்டு, அடிப்பாகம் கட்டத்தைக் கொஞ்சமாவது தொட்டுக்கொண்டிருந்தால் தண்டனை இல்லை. அப்போது பணியாளர் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக் காட்டுவார். வழிகாட்டுவதற்காகப் படுக்க வைத்த கோன்கள் கணக்கிலேயே வராது.

கார் கடந்ததும் ஓடிப் போய்க் கோனைக் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். ஸ்டேஷன் தலைவர் ரேடியோவில் கார் எண்ணோடு “அறுபத்தொன்று, ஒரு கோன்” என்று சொல்வார், நேரம் பார்க்கும் வண்டியில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொள்வார். அதற்குள் அடுத்த கார் வந்துவிடும், ஏனென்றால் தடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கார்கள் ஓடும். தடத்தில் ஆள் இருந்தாலோ கார் நின்றுவிட்டாலோ சிவப்புக் கொடி. கொடியைப் பார்த்த ஓட்டுநர் உடனே நிறுத்தியாக வேண்டும். அவருக்கு மறு ஓட்டம் கிடைக்கும், எனவே நஷ்டம் ஒன்றுமில்லை.

உட்காரக் கூடாது, போனை எடுக்கக் கூடாது, ஓடும் காருக்கு முதுகு காட்டக் கூடாது. காலையில் ஓட்டுநர் கூட்டத்தில் இந்த மூன்றையும் சொல்வார்கள். அன்றும் சொன்னார்கள். மூன்றாவது விதியை நான்காம் ஸ்டேஷனில் கடைப்பிடிப்பது உடலமைப்பின்படியே முடியாத காரியம் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

தடத்தின் அமைப்பு

தொண்ணூறு பேர் வந்திருந்தார்கள். முப்பது முப்பதாக மூன்று குழு, ஆளுக்கு ஆறு ஓட்டம். ஒரு குழு ஓட்டும்போது இன்னொரு குழு தடத்தில் நிற்கும். ஸ்டார்ட் லைனில் முப்பது நொடிக்கு ஒரு காரை அனுப்புவதாகத் திட்டம். சராசரி கார் தடத்தை முடிக்க ஒரு நிமிடம்.

இடம் நீளமாகவும் குறுகலாகவும் இருந்தது. அதனால் தடம் ஒரு பக்கமாகப் போய், கோடியில் பெரிய வளைவாகச் சுற்றி, பக்கத்திலேயே திரும்பி வந்தது. போகும் தடத்துக்கும் திரும்பும் தடத்துக்கும் நடுவே, மிகக் குறுகலான இடத்தில், சுமார் 15 மீட்டர் அகலத்துக்கு ஒரு தீவு. நான்காம் ஸ்டேஷன் அந்தத் தீவில்தான். ஒரே ஸ்டேஷன் இரண்டு பக்கத்துக் கோன்களையும் பார்த்துக்கொள்ளலாம், நான்கு ஆள் மிச்சம் என்பது வடிவமைத்தவரின் எண்ணம். வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தடத்தைப் பரிசோதித்து ஒப்புதல் தந்த பாதுகாப்பு அதிகாரியும் விளக்குக் கம்பம், நடைபாதை விளிம்பு ஆகியவற்றிலிருந்து தடம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையே கவனமாக அளந்தார். அவர் அளந்ததில் எந்தக் குறையும் இல்லை.

இரண்டாம் குழு ஓட்ட ஆரம்பித்தபோது நான்காம் ஸ்டேஷனில் நின்ற நால்வர்: பத்து வருடத்துக்கும் மேலாகப் போட்டியிடும் ஓர் அம்மா, ஸ்டேஷன் தலைவர், ரேடியோ அவரிடம். கொடியோடு முதல் முறையாக வந்த ஒரு கல்லூரி மாணவர். கோன் எடுக்க இருவர். அதில் ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டிய, கிளப்பில் எல்லோரும் மதிக்கும் பழைய ஓட்டுநர். தடத்துக்குள் போய் நின்றவர் அவர்தான். மாணவர் போயிருந்தால் “புதுசு, தெரியவில்லை” என்று அன்று மாலையே விஷயத்தை மூடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்த ஆய்வும் எழுதப்பட்டிருக்காது.

இடைவெளி குறைந்த விதம்

ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டியது. முடிவுக் கோட்டில் நேரம் பார்க்கும் ஒளிக்கற்றைக் கருவி சரியாக நேர்க்கோட்டில் வராமல் அடம்பிடித்ததால் முதல் கார் கிளம்பவே ஒன்பதே முக்கால் ஆனது. முதல் குழுவில் ஒரு கார் பிடி இழந்து சுழன்றது, சில மறு ஓட்டங்கள் என்று மேலும் நேரம் போனது. மதியம் மூன்றரைக்கு இடத்தைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். தவறினால் அடுத்த முறை இடம் கிடைக்காது. இப்படிப்பட்ட இடங்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருவதால் கிளப்புகள் இதில் ரொம்பவே பயப்படும்.

இரண்டாம் குழு இரண்டு ஓட்டங்களை முடித்திருந்த நேரத்தில் போட்டித் தலைவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இடைவெளியை முப்பதிலிருந்து இருபத்தைந்து நொடியாகக் குறைத்தால் முப்பது கார் கொண்ட ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம் மிச்சம். மீதியிருக்கும் பத்து சுற்றுகளுக்கு இருபத்தைந்து நிமிடம். அதற்குள் கோன்களைப் பொறுக்கி டிரெய்லரில் ஏற்றிவிடலாம். நியாயமான யோசனைதான். முன்பும் பல போட்டிகளில் அவர் இப்படிச் செய்திருக்கிறார், எதுவும் ஆனதில்லை.

ஸ்டார்ட்டரிடம் நேரில் போய்ச் சொன்னார். வரிசையில் நின்ற ஓட்டுநர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. தடத்தில் நின்றவர்களுக்கு ரேடியோவில் யாரும் சொல்லவில்லை. கார் அனுப்புவது ஸ்டார்ட்டரின் வேலை, கோன் எடுப்பவருக்கு அது எதற்கு என்பதுதான் நடப்பிலிருந்த எண்ணம். ஒலிபெருக்கி எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. காற்று எதிர்ப்பக்கம் வீசிய நான்காம் ஸ்டேஷனில் எதுவுமே கேட்கவில்லை என்று நால்வரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

நடந்தது

மூன்றாம் சுற்றின் தொடக்கம். புதிய இடைவெளியில் ஏழெட்டு கார்கள்தான் போயிருக்கும்.

திரும்பும் தடத்தில் வந்த ஒரு கனமான கார் வளைவின் உட்பக்கக் கோனை முன் பம்பரால் வாரியது. சாதாரணமாக இடிபட்ட கோன் உருண்டு சில மீட்டரில் கிடக்கும். இது பம்பருக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, வரட் வரட்டென்று இழுபட்டு, கார் திரும்பும்போது பக்கவாட்டில் தெறித்தது. தீவைத் தாண்டி எதிர்ப் பக்கத்தில், போகும் தடத்தின் ஓட்டக்கோட்டிலேயே போய்ப் படுத்தது.

நால்வர் கண்ணும் அந்தக் கார் மேல். தலைவர் ரேடியோவை அழுத்தி எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார். மாணவர் அடுத்த கோனும் போகுமோ என்று அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடி கையில்தான் இருந்தது, ஆனால் காற்றில் கோலைச் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய ஓட்டுநர் தெறித்த கோனைக் கண்ணால் தொடர்ந்தார், உடனே ஓடினார். எட்டு மீட்டர் இருக்கும். கோனைப் பிடிக்கக் குனிந்தார்.

என் பக்கமிருந்து பார்த்தால், போகும் தடத்தில் அடுத்த கார், இருவர் மட்டும் உட்காரும் ஒரு சின்னக் கார், என் ஸ்டேஷனைத் தாண்டி அவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ரேடியோவை அழுத்தினேன். நான்காம் ஸ்டேஷன் தலைவர் அதே நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததால் இரண்டும் மோதிக் கீச்சென்ற சத்தம் மட்டும்தான் எல்லோருக்கும் கேட்டது. கோன் எடுக்க நின்ற நான்காவது ஆள்தான் திரும்பிப் பார்த்துக் கத்தினார். பழைய ஓட்டுநர் நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்த அதே கணத்தில் காரின் முன்பக்கம் தாழ்ந்தது. டயர் அலறியது. மாணவர் கொடியை உதறி விரித்து உயர்த்தியபோது கார் ஏறக்குறைய நின்றேவிட்டது.

அளந்து பார்த்தோம். முன் டயர் நின்ற இடத்திலிருந்து கோன் கிடந்த இடம் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

உடனடி முடிவுகள்

ஸ்டேஷன் தலைவர் ரேடியோவில் எல்லா ஸ்டேஷனுக்கும் சிவப்பு அறிவித்தார். ஸ்டார்ட்டர் அடுத்த காரை லைனில் நிறுத்தினார். கோனை இடித்த கார் ஏற்கனவே முடிவுக் கோட்டை நெருங்கிவிட்டதால் அதை முடிக்க விட்டார்கள். நின்ற காரை மெதுவாக வெளியே ஓட்டிவரச் சொன்னார்கள். தடம் முழுதும் காலியானது.

பாதுகாப்பு அதிகாரி வந்ததும் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. யாரையும் ஒன்றாக நிற்கவிடவில்லை. நான்காம் ஸ்டேஷன் நால்வர், கார் ஓட்டியவர், ஸ்டார்ட்டர், நான் என்று ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, பார்த்ததை மட்டும் எழுதித் தரச் சொன்னார். பேசிக்கொண்டால் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரே கதையாகிவிடும். பின்னால் பயன்பட்ட தகவல்கள் எல்லாம் அந்தக் காகிதங்களிலிருந்துதான் வந்தன.

பழைய ஓட்டுநரையும் மாணவரையும் வேலையிலிருந்து விடுவித்து நிழலில் உட்கார வைத்தார். “இது தண்டனை இல்லை, கை நடுங்குகிற ஆள் கொடி பிடிக்க வேண்டாம், அவ்வளவுதான்” என்று இருவரிடமும் சொன்னார். சின்னக் காரின் ஓட்டுநருக்கு மறு ஓட்டம் உண்டு என்றும், எப்போது தயாரோ அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லப்பட்டது. இந்தக் களேபரத்துக்கு நடுவே கோன் இடித்தவர் வந்து, அந்தக் கோன் கணக்கில் சேருமா என்று கேட்டார். சேரும், 2 நொடி. போட்டி என்றால் அப்படித்தான்.

அடுத்து, தொடர்வதா வேண்டாமா என்ற கேள்வி. சிலர் அன்றைக்கு முடித்துவிடலாம் என்றார்கள். போட்டித் தலைவருக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் பாதுகாப்பு அதிகாரியின் வாதம் வேறு: காரணம் தெரியாமல் நிறுத்தினால் அடுத்த மாதம் அதே காரணத்தோடு தொடங்குவோம், காரணம் தெரிந்தால் இன்றே சரி செய்யலாம். இருபத்தைந்து நிமிடம் போட்டி நின்றது. அந்த நேரத்தில் அவரும் வடிவமைத்தவரும் ஸ்டாப்வாட்சோடு நான்காம் ஸ்டேஷன் தீவில் போய் நின்றார்கள். ஒரு காரை மட்டும் ஓடவிட்டு நேரம் எடுத்தார்கள். தீவில் அப்போது அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

ஸ்டாப்வாட்ச் காட்டியது

எல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது, அதனால் பொறுமையாகப் பார்ப்போம்.

கிளம்பிய 18ஆவது நொடியில் கார் போகும் தடத்தில் தீவைக் கடக்கிறது. கோடியைச் சுற்றிவிட்டு 38ஆவது நொடியில் திரும்பும் தடத்தில் மறுபடி தீவைக் கடக்கிறது. முப்பது நொடி இடைவெளியில் இரண்டாவது கார் 30இல் கிளம்பி, 48இல் போகும் தடத்தில் வரும். அதாவது முதல் கார் திரும்பும் தடத்தில் கடந்துபோன பிறகு பணியாளருக்குப் பத்து நொடி. அதற்கப்புறம் அந்த இரண்டாவது கார் சுற்றித் திரும்பி வர இருபது நொடி. தீவில் நிற்பவருக்குக் கார்களின் தாளம் இருபது, பத்து, இருபது, பத்து.

இருபத்தைந்து நொடி இடைவெளியில் இரண்டாவது கார் 43இல் வந்துவிடும். பத்து, ஐந்தாகிறது. இருபது அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது ஒரே காரின் போக்குவரத்து, ஸ்டார்ட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டார்ட் லைனில் குறைத்தது ஆறில் ஒரு பங்கு, தீவில் குறைந்தது சரிபாதி. இருபது நொடியாகக் குறைத்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கார் கடக்கும், பணியாளருக்கு மிச்சம் சுழியம்.

இதுவும் சராசரிக் கார்களுக்கான கணக்குதான். மெதுவான காருக்குப் பின்னால் வேகமான கார் வந்தால் ஐந்து இன்னும் சுருங்கும்.

மணிக்கு 65 கிலோமீட்டரில் ஒரு கார் நொடிக்கு 18 மீட்டர் போகும். ஐந்து நொடி என்றால் 90 மீட்டர் தள்ளி இருக்கிறது, அதாவது தலையைத் திருப்பினால்தான் தெரியும். எட்டு மீட்டர் ஓடிக் குனிய இரண்டு மூன்று நொடி. ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி, அதில் 18 மீட்டர். நல்ல டயரும் நல்ல பிரேக்கும் இருந்தால் நிற்க இன்னொரு 17 மீட்டர். மிச்சமிருந்த பத்து மீட்டர் எங்கிருந்து வந்தது என்பது இதில் தெரியும். ஓட்டுநர் இன்னும் அரை நொடி தாமதித்திருந்தால் அது ஒரு மீட்டராகியிருக்கும்.

பழைய ஓட்டுநர் எழுதித் தந்த காகிதத்தில் ஒரு வரி: “அடுத்த கார் வர நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.” நினைத்தேன் என்று எழுதவில்லை, தெரியும் என்று எழுதியிருந்தார். உண்மையில் அரை மணி நேரமாக, இரண்டு சுற்று, ஏறக்குறைய அறுபது கார்களுக்கு அது சரியாகவே இருந்தது. அவர் பார்க்காமல் ஓடினார் என்பது விதிமீறல்தான், அவரே மறுக்கவில்லை. ஆனால் தாளம் மாறியதை உணர ஏழெட்டு கார்கள் போதாது, அதுவும் இருபது நொடிப் பகுதி மாறாமலே இருக்கும்போது.

ஓட்டுநருக்குத் தெரிந்தது

சின்னக் காரை ஓட்டியவர் சொன்னதை இரண்டாவது முறை கேட்கும்வரை நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லை. தன் பாதையில் ஏதோ ஆரஞ்சாக இருப்பதை அவர் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார். கீழே விழுந்த கோன் என்று நினைத்தாராம். தடத்தில் கோன் விழுந்து கிடந்தால் ஓட்டுநர் நிறுத்தி அதைச் சுட்டிக்காட்டி மறு ஓட்டம் கேட்கலாம், அல்லது சுற்றிக்கொண்டு போகலாம். எதைச் செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆரஞ்சு எழுந்து நின்றது.

பணியாளர்களுக்குக் கிளப் கொடுத்திருந்தது ஆரஞ்சு நிற மேலங்கி. சாலைப் பணியில் அது கண்ணைப் பறிக்கும். இருநூறு ஆரஞ்சு கோன்களுக்கு நடுவே, குனிந்த நிலையில், கையில் ஓர் ஆரஞ்சு கோனோடு இருப்பவர் இன்னொரு கோன்தான். ஆட்டோகிராஸில் ஓட்டுநருக்குச் சொல்லித் தருவதே “பக்கத்துக் கோனைப் பார்க்காதே, அதற்கு அடுத்ததைப் பார்” என்பதுதான். நன்றாக ஓட்டுகிறவர் என்றால் அவர் கண் இன்னும் தூரத்தில் இருக்கும்.

அன்றே செய்த மாற்றங்கள்

முப்பது நொடி இடைவெளிக்குத் திரும்பினார்கள். அது மட்டும் போதாது, பத்து நொடியும் குறுகலே என்று பாதுகாப்பு அதிகாரி சொன்னதால் தீவிலிருந்த ஸ்டேஷனை எடுத்துவிட்டு, போகும் தடத்துக்கு வெளியே ஒன்று, திரும்பும் தடத்துக்கு வெளியே ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். அதற்கு ஆள் வேண்டும். ஓட்டி முடித்து மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்த முதல் குழுவிலிருந்து நால்வர் சாண்ட்விச்சை வைத்துவிட்டு வந்தார்கள்.

தீவுக்குள் அல்லது எதிர்த் தடத்தில் விழும் கோனை யாரும் எடுக்கப் போகக் கூடாது, கொடியைக் காட்டிக் காரை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும் என்று அறிவித்தார்கள். கொடி பிடிப்பவர் கோன் பக்கமே போகக் கூடாது என்பது ஏற்கனவே விதி. அதோடு, கார் கடந்து போனதும் அதன் பின்னாலேயே பார்க்காமல் உடனே அடுத்த கார் வரும் பக்கம் திரும்ப வேண்டும் என்பதும் சேர்ந்தது.

நேரம் போதாததால் இரண்டாம், மூன்றாம் குழுக்களுக்கு ஆறு ஓட்டம் நான்காகக் குறைந்தது. ஒரே கார்ப் பிரிவில் போட்டியிடுபவர்கள் எல்லோரும் ஒரே குழுவில் இருந்ததால் முடிவுகளில் அநியாயம் இல்லை. ஆனாலும் முணுமுணுப்பு இருந்தது. அதே கட்டணம் கட்டி முதல் குழு ஆறு ஓட்டம் ஓட்டியிருக்கிறதே என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வது எளிதல்ல. அடுத்த போட்டிக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வதாகப் போட்டித் தலைவர் ஒப்புக்கொண்டார். இரண்டே முக்காலுக்கு முன்பே கடைசிக் கார் முடித்தது. சாவி நேரத்துக்குப் போனது.

சின்னக் காரின் ஓட்டுநர் தன் மறு ஓட்டத்தை எடுத்துக்கொண்டார். நேரம் சுமார்தான். பழைய ஓட்டுநர் மாணவரைத் தேடிப் போய் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார், என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மாணவர் அடுத்த போட்டிக்கும் வந்தார்.

அடுத்து வந்த போட்டிகளில்

தடம் வடிவமைப்பவர் வரைபடத்தில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பக்கத்தில், கார் அங்கே எத்தனையாவது நொடியில் வரும் என்று எழுதித் தர வேண்டும் என்பது இப்போது நடைமுறை. இரண்டு முறை கடக்கும் ஸ்டேஷன் என்றால் இரண்டு எண். முதலில் தோராயமாக எழுதி, காலையில் முதல் கார்கள் ஓடும்போது சரிபார்ப்பார்கள். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. இந்த மாற்றங்களில் உண்மையாகவே வேலை செய்வது இதுதான் என்பது என் கருத்து. இடைவெளியைக் குறைக்க வேண்டிய அவசரம் மறுபடியும் வரும், அப்போது குறைத்தால் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று அந்தக் காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இடைவெளி மாறினால் ஒவ்வொரு ஸ்டேஷனும் ரேடியோவில் பதில் சொன்ன பிறகே ஸ்டார்ட்டர் புதிய கணக்கில் கார் அனுப்புவார். இது காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஸ்டேஷன் தலைவர் “சரி” என்று ரேடியோவில் சொல்லிவிட்டுத் தன்னோடு நிற்கும் மூவரிடம் சொல்ல மறந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சில தலைவர்கள் பதில் சொல்வதற்கு முன் தன் ஆட்களைக் கையைத் தூக்கச் சொல்கிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

மேலங்கி எலுமிச்சைப் பச்சைக்கு மாறியது. விலை அதிகமில்லை, விவாதமும் இல்லை.

சிவப்புக் கொடி முன்பைவிட அதிகமாக உயர்கிறது. இதை நல்லது என்று நான் சொல்வேன். ஓட்டுநர்களில் சிலர் அப்படிச் சொல்வதில்லை. நல்ல ஓட்டத்தின் நடுவே நிறுத்தப்பட்டால் டயர் சூடு, மனநிலை எல்லாம் போய்விடுகிறது என்கிறார்கள். வேறு சிலர் கோன் இடித்த பிறகு கொடி வந்தால் இனாமாக ஒரு ஓட்டம் கிடைத்தது என்று சிரிக்கிறார்கள். இரண்டு புகாருமே ஒவ்வொரு குளிர்காலக் கூட்டத்திலும் வரும் என்று நினைக்கிறேன்.

ரேடியோ மட்டும் இன்னும் தீரவில்லை. கோன் எண்ணிக்கையும் அவசர எச்சரிக்கையும் ஒரே அலைவரிசையில் போகும்வரை அன்றைய கீச்சு சத்தம் திரும்பவும் வரலாம். அவசரத்துக்குத் தனி அலைவரிசை என்றால் ஸ்டேஷனுக்கு இரண்டு ரேடியோ, கேட்க இரண்டு காது, அதற்கு ஓர் ஆள். கிளப்பிடம் அவ்வளவு பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு விசில் கொடுத்துப் பார்க்கலாம் என்று அந்த ஸ்டேஷன் தலைவர் அம்மா யோசனை சொல்லியிருக்கிறார். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஓட்டுநருக்கு அது கேட்காது, ஆனால் தடத்தில் குனிந்திருப்பவருக்குக் கேட்கும். அடுத்த சீசன் முதல் போட்டியில் இரண்டு ஸ்டேஷனில் மட்டும் சோதித்துப் பார்க்கிறார்கள்.